மூண்டாவது துண்டு

சுடுற துவக்கெண்டு நினைச்சிட்டியளோ? பயப்படாதேங்கோ. ஏறேக்கை டிரைவரும் உப்பிடித்தான் ஒருமாதிரிப் பார்த்தவன். துவாயால சுத்தினது நான்தான், தட்டுப்படக் கூடாதெண்டு. உள்ளுக்கை கிடக்கிறது சேறு. ஒரு மீற்றர் நீளச் சேறு. நிமிர்த்தி வைச்சால் இடம் வருமெண்டோ? வேண்டாம், என்ர மடியில படுக்கவே கிடக்கட்டும். உங்களுக்கு இடிச்சால் சொல்லுங்கோ.

தமிழ் முகத்தைக் கண்டதும் பக்கத்தில வந்து இருந்திட்டன், கோவிக்காதேங்கோ. நோர்வேயின்ர இந்த வடக்குத் தொங்கலில, நாலு மணித்தியால பஸ்ஸில, தமிழில கதைக்க ஒராள் அம்பிடுறது லேசில்லை. நாகர்கோவிலோ? ஜெசிந்தா. நல்ல பேர். நேர்ஸ் எண்டால் எந்த வாட்? பிள்ளைப்பேறு வாட்டோ! அப்ப நான் சொல்லுறது உங்களுக்கு வடிவா விளங்கும். பிள்ளை பிறந்த உடன காலில பேர் கட்டுவியளெல்லே? அந்த வேலைதான் நானும் செய்தனான், இருபத்தாறு வருசம். பிள்ளைக்குப் பதிலாச் சேறு, அவ்வளவுதான்.

தங்கச்சி எண்டு கூப்பிடலாம்தானே? அந்தச் சொல்லை வாயால சொல்லிக் கனகாலம்.

நான் தவநாயகம். ஊர் வேலணை. எண்பத்தேழில இஞ்சை வந்து முதல் எட்டு வருசம் பக்டரியில மீன் வெட்டினன். பிறகு ஒரு ஆராய்ச்சிக் கப்பலில வேலை கிடைச்சுது. கடல் தெரிஞ்ச ஆளெண்டு எடுத்தவங்கள். என்ன வேலை எண்டால், அங்கை பாருங்கோ, வலக்கைப் பக்கம், மலையளுக்கு நடுவில கடல் உள்ளுக்கு வந்து கிடக்குது, அதுதான் பியோர்ட். அதின்ர தலைமாட்டில மலையில இருந்து பனியாறு இறங்கும். ஓடுற ஆறில்லை. கட்டிபட்ட பனி, பார்க்கேக்கை அசையாது, ஆனால் நகரும். நகரேக்கை கல்லை அரைச்சுக்கொண்டு வந்து கடலுக்கை விடும். விட்டது அடியில படியும், வருசத்துக்கு மூண்டு மில்லிமீற்றர். நாங்கள் மேல நிண்டு ஒரு நீளக் குழாயை இறக்கிக் குத்தி, அந்தச் சேத்தை அப்பிடியே இழுத்தெடுப்பம்.

பனி கிட்ட வந்த காலத்தில படிஞ்சது சாம்பல் நிறம், இடையில சல்லிக்கல் கிடக்கும். பனி தூரப் போன காலத்துச் சேறு கறுப்பு. சிப்பி கிடக்கும், கூழ்முட்டை மணம் மணக்கும். எங்கட ஊர்க் களப்பு வத்தேக்கை வாற அதே மணம். முதல் நாள் அந்த மணம் வந்ததும் நான் கப்பல் தளத்தில நிண்டு அழுதிட்டன். வெள்ளைக்காரர் கண்ணில சேறு பட்டிட்டுதெண்டு தண்ணி கொண்டு வந்து தந்தாங்கள்.

கீழ இருந்து மேல வாசிக்க வேணும். அதுதான் எல்லாம். கீழ பழசு, மேல புதுசு. அஞ்சு மீற்றர்ச் சேத்தை அப்பிடியே கொண்டு போகேலாது, ஒரு மீற்றர் ஒரு மீற்றரா அறுத்து, ரெண்டு பக்கமும் மூடி போட்டு, எது மேல் எது கீழ் எண்டு எழுத வேணும். அது என்ர பொறுப்பு. எல்லாரும் அம்புக்குறி போடுவாங்கள். நான் என்ன செய்தனான் எண்டால், மேல் மூடியில பிள்ளையார் சுழி போடுவன். நீங்கள் வேதக்காரர், எண்டாலும் தெரியும்தானே, கடுதாசியில முதல் போடுறது. எங்கட பழக்கம், எது தொடங்கினாலும் மேல சுழி. அம்புக்குறி அழிஞ்சாலும் சுழி அழியாது, ஏனெண்டால் நான் கத்தியால கீறித்தான் மை விடுவன். கொஞ்ச நாளில கப்பல் முழுக்க அதைப் பழகிட்டுது. பிள்ளையாரைப் பற்றிச் சொன்னன், யானை எண்டு பேர் வைச்சிட்டாங்கள். "யானை எங்கை?" எண்டு கேட்டுத்தான் குழாயைத் தூக்குவாங்கள். பெரிய பெரிய பேராசிரியர்மார், தங்கச்சி. எனக்குச் சரியான பெருமை, ஏன் பொய் சொல்லுவான்.

மாரித் வந்தது ரெண்டாயிரத்து ஒன்பதில. இந்தப் பக்கத்துப் பிள்ளைதான், ஆட்டுப்பட்டிக்காரர் ஒராளின்ர மகள், கலாநிதிப் பட்டத்துக்குப் படிச்சுக்கொண்டிருந்தவள். நான் மாரி எண்டுதான் கூப்பிடுவன். எங்கட ஊரில அது அம்மன்ர பேரெண்டு சொல்ல, அண்டைக்கு முழுக்கக் கப்பலில எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சாள். கெட்டிக்காரி. வாய்க்காரி. எனக்கு முன்னால நிண்டு என்னோடயே கொழுவுவாள். சேத்தை நாக்கில வைச்சுப் பார்ப்பாள், மணலோ களியோ எண்டு. நானும் பார்ப்பன். ரெண்டு பேரும் வாயெல்லாம் சேறாய் நிண்டு சிரிச்சிருக்கிறம்.

அந்தப் பிள்ளைதான் பிழை விட்டது. அதைத்தான் எல்லாரும் சொல்லுகினம், எழுத்திலயும் கிடக்குது. அஞ்சு துண்டில மூண்டாவது துண்டு தலைகீழாப் போச்சு. தலைகீழா வாசிச்சால் என்னாகும், நீங்களே சொல்லுங்கோ. பனியாறு பின்வாங்கின முந்நூறு வருசம், முன்னுக்கு வந்த முந்நூறு வருசமாத் தெரியும். மற்றப் பனியாறெல்லாம் பின்னுக்குப் போன காலத்தில இது ஒண்டு மட்டும் முன்னுக்கு வந்திருக்கெண்டு அவள் எழுதிப்போட்டாள். பெரிய கதையாப் போச்சு. அங்கை கூப்பிடுறாங்கள், இஞ்சை கூப்பிடுறாங்கள், பேப்பரில படம். அந்தத் துண்டுக்குள்ள ஒரு சிப்பியின்ர வயசு ஒத்து வரேல்லை. ஒண்டுதானே, பழைய சிப்பி எங்கையோ இருந்து உருண்டு வந்திருக்கும் எண்டு தள்ளிட்டினம். ஒருத்தருக்கும் யோசிக்க விருப்பமில்லை. அவளும் யோசிக்கேல்லை. அது அவளின்ர பிழைதானே?

ஓம், நீங்கள் கேக்கிறது சரி, மூடியில எழுதியிருக்குமே எண்டு. கதை அங்கைதான் சிக்குது. குழாயை நீட்டுக்கு ரெண்டாப் பிளந்த பிறகு மூடியைக் கழட்டிப்போடுவம். பிறகு பாதியளில புதுசா எழுதுறது படிக்கிற பிள்ளையளின்ர வேலை. அப்ப அந்த நேரத்தில மாறியிருக்கலாம்தானே? மாறியிருக்கலாம். பிறகு இதை விசாரிச்சவையும் அப்பிடித்தான் முடிவு கட்டினவை.

இந்தச் சேத்தை எடுத்த நாள் எனக்கு வடிவா ஞாபகமிருக்கு. மாரி வந்த அதே வருசம், மே மாதம். நல்ல வெயில், தண்ணி ஆடாமல் கிடந்துது. குழாய் தளத்துக்கு வந்திட்டுது, ரெண்டு துண்டு அறுத்திட்டன். கப்டன் மேல இருந்து கூப்பிட்டார், போன் எண்டு. கனடாவில இருந்து என்ர மச்சான். வன்னியில இருந்து வந்த ஆரோ ஒராள் சொல்லி, அவை சொல்லி, இவை சொல்லி, அவன் எனக்குச் சொன்னான். என்ர தங்கச்சி யோகராணி. பதினாறாம் திகதி. பதுங்குகுழியோட மூடினதாம். எடுக்கேல்லையாம். எடுக்க ஆருமில்லையாம்.

நாலு நிமிசம்தான் கதைச்சனான். இறங்கி வந்து வாளை எடுத்து மூண்டாவது துண்டை அறுத்தன். மாரி கேட்டவள், "ஆர் தவா, வீட்டிலயோ?" எண்டு. ஓம், ஒண்டுமில்லை எண்டன். என்ர கை நடுங்கேல்லை. அதைச் சொல்லிப்போடுறன். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாலாவதும் அஞ்சாவதும் சரியாத்தானே இருந்தது? நடுக்கமெண்டால் அதுகளும் மாறியிருக்க வேணுமே.

ஆறு கிழமை கழிச்சுப் பரிசோதனைக்கூடத்தில திறந்தம். பிளக்கிறதும் என்ர வேலைதான். இப்ப ஒண்டு சொல்லுறன், படிச்ச ஆக்களிலயே கனபேருக்குத் தெரியாது. குழாய் சேத்துக்கை இறங்கேக்கை கரையில உள்ள சேத்தைக் கீழ இழுத்துக்கொண்டு போகும். அதால ஒவ்வொரு வரியும் நடுவில உயர்ந்து கரையில தாழ்ந்து கிடக்கும். கவிழ்த்த சட்டி மாதிரி. அனுபவப்பட்டவன் ஒரு பார்வையில கண்டுபிடிப்பான். சட்டி கவிழ்ந்து கிடந்தால் சரி. நிமிர்ந்து கிடந்தால் துண்டு தலைகீழ். மூண்டாவது துண்டில ஒவ்வொரு வரியும் நிமிர்ந்த சட்டி. வரிசையா, மேல இருந்து கீழ வரைக்கும். அவ்வளவு வடிவாத் தெரிஞ்சுது. அவள் பார்த்திருக்க வேணுமெல்லே? அவளுக்கு அப்ப அனுபவம் காணாது, சரி. எண்டாலும் பார்த்திருக்க வேணும்.

என்ன?

ஓம். திறந்தது நான்தான். சொன்னனே.

நேர்ஸ்மாருக்குக் காது கூர்மைதான்.

ஓம் தங்கச்சி, கண்டனான். வாள் வெளியில வந்த உடன கண்டனான். மூடியைப் பார்த்தன், சுழி கீழ்ப்பக்கத்து மூடியில கிடக்குது. என்ர கீறல், என்ர மை. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு மாரி வாறாள், "யானை எந்தப் பக்கம் தவா?" எண்டு கேட்டுக்கொண்டு. நான் கையைக் காட்டினன். சுழி இருந்த பக்கத்தைக் காட்டினன். அவள் அப்பிடியே எழுதினாள். மூடியைக் கழட்டி நான் பொக்கெற்றுக்கை வைச்சிட்டன். பிறகு சொல்லுவம், பின்னேரம் ஆறுதலாச் சொல்லுவம் எண்டுதான் நினைச்சன், சத்தியமா. பின்னேரம் அவள் படம் எடுத்து முடிச்சிட்டாள். நாளைக்கு எண்டு நினைச்சன். நாளைக்கு அவள் சேத்தைத் தோண்டித் தோண்டிச் சின்னப் போத்தலுக்கை போடத் தொடங்கிட்டாள். ஒரு கிழமை போச்சு. ஒரு கிழமைக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுறது?

ஏன் மாறினது எண்டு கேப்பினம். அப்ப போன் கதையைச் சொல்ல வேணும். ஐயோ பாவம் தவா எண்டு எல்லாரும் வந்து தோளில கை போடுவினம். என்ர தங்கச்சி செத்ததை நான் என்ர பிழைக்குச் சாட்டாக் காட்டுறதோ? அவளுக்கு ஒரு பிடி மண் போடேல்லை நான். அவளின்ர பேரை வைச்சுத் தப்புறதோ? அதுக்குப் பேசாமல் இருக்கலாம் எண்டு பேசாமல் இருந்தன். அது நியாயம்தானே? நியாயமெண்டுதான் அப்ப பட்டது.

ரெண்டாயிரத்துப் பதினாலில வேற ஆக்கள் வந்து அதே இடத்தில பக்கத்தில குத்தி எடுத்தாங்கள். மூண்டாவது மீற்றர் நேர் எதிர். மாரி என்னட்டை ஓடி வந்தவள். "தவா, யோசிச்சுச் சொல்லு, தளத்தில மாறியிருக்க ஏலுமோ?" நான் என்ன சொன்னன் தெரியுமோ? "யானை பொய் சொல்லாது" எண்டன். சிரிச்சுக்கொண்டு சொன்னன். அவள் அதை அப்பிடியே நம்பித் தலையாட்டினாள். மூண்டு பேர் இருந்து விசாரிச்சவை, அங்கையும் அதையேதான் சொன்னன். தவா இருபது வருசமா ஒரு பிழை விடாதவன் எண்டு அவளே எனக்காகச் சொன்னவள். தான் எழுதின கட்டுரையைப் பிழையெண்டு சொல்லித் திரும்ப எடுத்தாள். கெட்டித்தனத்தை நம்பி அவளுக்குக் குடுத்த வேலையையும் வேற ஆளுக்குக் குடுத்திட்டாங்கள்.

ஆனால் அவளுக்கு மனம் ஆறேல்லை. செப்டெம்பரில எனக்குப் போன் எடுத்தாள். அப்பாவின்ர சின்ன வள்ளத்தில போய்த் தானே ஒருக்கா எடுத்துப் பார்க்கப் போறன், கைக்குழாய்தான், நீயும் வந்தால் ரெண்டு பேராய் இழுக்க லேசு எண்டாள். எனக்கு முதுகு ஏலாது எண்டன். முதுகுக்கு ஒண்டுமில்லை, தங்கச்சி. அவளோட ஒரு வள்ளத்தில, முகத்துக்கு முகம் இருந்து அந்தச் சேத்தைப் பார்க்க எனக்குப் பயம்.

தனியப் போனாள். பனி மேல இருந்து இறங்கிற காத்தொண்டு இருக்கு, வாறது தெரியாது, வந்தால் சின்ன வள்ளம் தாங்காது. வள்ளத்தைக் கண்டெடுத்தினம். அவளை எடுக்கேல்லை. அந்தப் பியோர்ட் இருநூற்றி நாற்பது மீற்றர் ஆழம்.

பத்து வருசம். வருசத்துக்கு மூண்டு மில்லிமீற்றர் எண்டால் மூண்டு சென்றிமீற்றர். அவளுக்கு மேல இப்ப இவ்வளவுதான் கிடக்குது, இந்த என்ர பெருவிரல் அளவு. நான் வேணுமெண்டு கணக்குப் பார்க்கிறேல்லை. அது தானா வருது. கடையில பால் பெட்டியைத் தூக்கினால் அவள் கேக்கிறாள், "எது மேல், தவா?" எண்டு. கோவிக்கிறேல்லை. வேலையில கேக்கிற மாதிரித்தான் கேக்கிறாள். பட்டப்பகலில, பின்னால நிண்டு. சேத்து மணம் முதல் வரும், பிறகு குரல் வரும். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைச்சால் கேக்கிறாள். போன கிழமை பேரப்பிள்ளையைத் தூக்கினன், கேட்டாள். பிள்ளையை மகளிட்டைக் குடுத்திட்டன். யோகராணி ஒருநாளும் வந்ததில்லை. அவளும் வந்தால் நல்லாயிருக்கும் எண்டு சிலவேளை நினைக்கிறன்.

இப்ப நான் போறது அவளின்ர தேப்பனிட்டை. ஆர்னே எண்டு பேர், எண்பத்துநாலு வயசு. ஒவ்வொரு செப்டெம்பரும் போறனான், பத்து வருசமா. மகளோட வேலை செய்தவன் வந்திருக்கிறான் எண்டு அந்த மனுசனுக்கு அவ்வளவு சந்தோசம். கோப்பி ஊத்துவார். தட்டையா ஒரு அப்பம் மாதிரிச் சுட்டு, பழப்பாணி பூசித் தருவார். தந்து போட்டு, வருசாவருசம் ஒரே பகிடி விடுவார். "அவள் பிறக்கேக்கையே கால் முதல் வந்தவள், தவா. எது மேல் எது கீழ் எண்டு அவளுக்குப் பிறப்பிலயே தெரியாது." சொல்லிப்போட்டு யன்னலுக்கால வெளியில பார்ப்பார். நான் சிரிப்பன். பத்துத் தரம் சிரிச்சிருக்கிறன், தங்கச்சி. பத்துத் தரமும் அப்பத்தைத் திண்டிட்டு, அடுத்த பஸ்ஸில திரும்பி வந்திட்டன்.

அவரின்ர வீட்டில ஒரு குழாய் கிடக்குது. வள்ளத்துக்கை கிடந்தது. மாரி கடைசியா எடுத்த சேறு. காத்து வர முந்தி இழுத்து, மூடியும் போட்டிட்டாள். ஒவ்வொரு வருசமும் ஆர்னே அதைக் காட்டுவார். "உந்த மூடியில என்ன கீறியிருக்கிறாள், உனக்கு விளங்குதோ?" எண்டு கேப்பார். கோழி கிண்டின மாதிரி ஒரு கோடு. அவளுக்குச் சுழி போடத் தெரியாது, நான் பழக்கேல்லை. பார்த்துப் பார்த்துத் தானாப் பழகியிருக்கிறாள். தேப்பனுக்கு விளங்கேல்லை எண்டு சொல்லிட்டன். ஆனால் பார்த்தனான். சரியான பக்கத்தில போட்டிருக்கிறாள்.

உங்கட வாட்டில பேர் மாறிக் கட்டினது தெரிஞ்சால் என்ன செய்வியள்?

உடன சொல்லுவியளோ. உடன.

பதினஞ்சு வருசம் கழிச்செண்டால்?

விடுங்கோ. நீங்கள் என்ன சொல்லுவியள், பாவம்.

போன மாசம் களஞ்சியத்தில இருந்து பெடியன் ஒருத்தன் போன் எடுத்தான், பழைய சேறெல்லாம் எறியிறம், உன்ர யானைக் குழாய் ஏதும் வேணுமோ எண்டு. மூண்டாவது துண்டைக் கேட்டு வாங்கினன். காய்ஞ்சு சுருங்கிப் போச்சு, எண்டாலும் வரியெல்லாம் தெரியுது. ஒரு பாதியில அவள் கரண்டியால தோண்டின குழியள் அப்பிடியே கிடக்குது. ரெண்டு பாதியையும் சேர்த்துக் கட்டி, மூடியையும் திரும்பப் போட்டன். ஓம், அந்த மூடிதான். எறியேல்லை. சாமியறையில படத்துக்குப் பின்னால வைச்சிருந்தனான். மனிசிக்குத் தெரியாது. பதினஞ்சு வருசமா அவள் அதுக்கும் சேர்த்துத்தான் விளக்கு வைச்சிருக்கிறாள். எந்தப் பக்கம் கிடந்ததோ அந்தப் பக்கத்திலயே போட்டன். பொய்யை அப்பிடியே கொண்டு போய் வைக்க வேணும், அப்பதான் அந்த மனுசனுக்கு விளங்கும்.

அந்தா, வளைவு. தபால் பெட்டிக்குப் பக்கத்தில நீலத் தொப்பியோட நிக்கிறார் பாருங்கோ. பஸ் வர அரை மணித்தியாலத்துக்கு முந்தியே வந்து நிண்டிருப்பார்.

பெல்லை அமத்துங்கோ தங்கச்சி. நான் அமத்தினால் பிறகு இது என்ர இடமில்லை எண்டு டிரைவரிட்டைச் சொல்லிப்போடுவன், எனக்கு என்னைத் தெரியும். நீங்கள் அமத்துங்கோ.

நல்லது.

முதல் நான் இறங்கிறன், நீங்கள் இதைப் படியில வைச்சு எடுத்துத் தாங்கோ. பாரம்தான், கவனம். இல்லை, படுக்க வேண்டாம், இப்ப நிமிர்த்தித் தாங்கோ, அவர் பார்த்துக்கொண்டு நிக்கிறார். மேல் பக்கம் எதெண்டோ? ஓம், துவாய்க்கு வெளியில தெரியிற சிவப்பு மூடியில சுழி கிடக்குதுதான். என்ர கைதான் அது.

அதை நம்பாதேங்கோ தங்கச்சி. மற்றப் பக்கமாத் திருப்பித் தாங்கோ.